ஆமத்தூர் டவரின் பூட்டிய பெட்டி

விருதுநகர் வட்டாரத்தில் செல்போன் டவர்களைப் பராமரிப்பது என் வேலை. ஆமத்தூருக்கு இருந்தது ஒரே டவர். அதில் சிக்னல் அனுப்பும் பெட்டி வெளிநாட்டுக் கம்பெனி செய்தது. அந்த நாட்டுச் சாமான் வழியாக நம் பேச்சை ஒட்டுக்கேட்கலாம் என்று, இனி வாங்கக் கூடாதென உத்தரவு வந்திருந்தது. சரியான உத்தரவு என்றுதான் நானும் நினைத்தேன். மாட்டியிருந்த பழைய பெட்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

ஒருநாள் ஆமத்தூர் பெட்டி நின்றுபோனது. கரண்டு இருந்தது, வயர்களும் நன்றாக இருந்தன. உள்ளே இருந்த சாப்ட்வேர் கெட்டிருந்தது. அதைத் திறக்கும் பாஸ்வேர்டு அந்தக் கம்பெனியிடம்தான் இருந்தது; அவர்களுடைய ஆட்களோ மதுரை ஆபீசையே காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். சிக்னல் கிடைக்கும் இடம்வரை வந்து மேலதிகாரியைக் கூப்பிட்டேன்.

"வேற நாட்டுப் பெட்டிக்கு ஆர்டர் போட்டிருக்கு. வர்றப்ப வரும். அதுவரைக்கும் ஆப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்றார்.

மறுநாள் மதியம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நாரணாபுரம் பக்கம் புகை எழும்பியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கணவர் அங்கே பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவர்.

"அண்ணே, ஒரே ஒரு போன் போட மட்டும் விடுங்கண்ணே. அவுக இருக்காகளா இல்லையான்னே தெரியல."

"என் கையில இல்லம்மா. வெளிநாட்டுக்காரங்கதான் இதத் தொறக்க முடியும்."

"அங்கன இருக்கவுகளுக்கு நாம கெடந்து தவிக்கிறது எப்படிண்ணே தெரியும்?"

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிவகாசி ஆஸ்பத்திரிக்கு விட்டேன். பாதி வழியில் அவள் போனில் வரிசையாக மெசேஜ் வந்து விழுந்தது. எல்லாம் கணவரின் நம்பரிலிருந்து வந்து கிடைக்காமல்போன அழைப்புகளைச் சொல்பவை.

"உசுரோட இருக்காகண்ணே!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைத் துணியால் மூடியிருந்தார்கள். கூட வேலைபார்த்தவர், கையில் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"வர்ற வழியெல்லாம் ஒங்களுக்குத்தான் போட்டுக்கிட்டே இருந்தாரு மதினி."

"என்ன பேசணும்னாக?"

"அதச் சொல்லலயே."

அவள் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதுப் பெட்டி தீபாவளி சீசன் முடிந்தபிறகு வந்தது. மாட்டிவிட்டு பாஸ்வேர்டு கேட்டேன். அதுவும் அந்த நாட்டுக் கம்பெனிக்காரர்களிடம்தான் இருக்கும் என்றார் மேலதிகாரி.

இப்போது அவளும் பட்டாசு வேலைக்குப் போகிறாள். காலையில் வேலையாட்களை ஏற்றிப்போகும் வேன் டவரைக் கடக்கிறது. நான் மேலே இருந்தால், அது போகும்வரை இறங்குவதில்லை.