பூஜையில் வைத்த பலகை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக மனசுக்குள்ளேயே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். நான் எட்டாவது வரை படித்தவள். மளிகைச் சாமான் எழுதிக் கொடுப்பதைத் தாண்டி எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தயங்கியது அதற்காக மட்டும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் சாமிக்கு ஏதாவது குறை வைத்ததாக ஆகிவிடுமோ என்று பயம். பேனாவை எடுப்பேன், அம்மனை நினைப்பேன், மூடி வைத்துவிடுவேன். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று அவள் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடற்கரை பக்கம் போகிற ஒரு சந்தில். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகிற டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, கணவர் தவறிய பிறகு எங்களோடுதான் இருக்கிறார். விரதம், பூஜை, நாள் கிழமை எல்லாம் அண்ணி பார்த்துக்கொள்வார். எங்களுக்கு ஒரே பெண். பிறந்தபோது அவள் அழவில்லை. மூளைக்குப் பிராணவாயு போக நேரமாகிவிட்டது என்றார்கள். கை கால் விறைத்தே இருக்கும். கழுத்து நிற்காது. பேச்சு வராது. ஆமாம், இல்லை என்று தலையாட்டக்கூட முடியாது. அவள் தலை அவள் சொன்னபடி கேட்காது.

நான் போகாத கோயில் இல்லை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினேன். தேன் தொட்டு வைத்தேன். கோயிலில் கொடுக்கிற தீர்த்தத்தை ஊற்றினால் புரையேறி முகம் நீலமாகிவிடும், அப்படியும் ஊற்றினேன். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது ராயபுரத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு மையம் இருக்கிறது என்று யாரோ சொல்லி, அங்கே தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் சின்ன வயதுப் பெண். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வாயால பேசுவான்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா இவகிட்ட சொல்றதுக்கு நிறைய இருக்கு. அது வெளிய வர்றதுக்கு ஒரு வழி பண்ணலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பேச வைக்கத்தானே இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருகிறோம். ஆனாலும் விடாமல் போனேன். எப்படி விழுங்க வைப்பது, எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு பலகை செய்து கொடுத்தார். பலகை என்று நாங்கள்தான் சொல்கிறோம். கெட்டியான, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தாள். நடுவில் ஓட்டை. சுற்றிலும் படங்கள்: சாப்பாடு, பாத்ரூம், வெளியே போகணும், பாட்டு, வலிக்குது, வேண்டாம். அதை அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் பிடித்து, ஓட்டை வழியாக அவள் கண்ணைப் பார்க்க வேண்டும். எந்தப் படத்தில் அந்தக் கண் போய் நிற்கிறதோ அதுதான் அவள் சொல்வது. இன்னொரு தாளில் ஒரு பொம்மை உடம்பு. எங்கே வலி என்று கேட்பதற்கு.

அதில் கஷ்டம் எனக்குத்தான். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. அடுப்பில் ஒரு கண், வாசலில் ஒரு கண். "சாப்பாடா? தண்ணியா? தூக்கமா?" என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லிவிடுவேன். மேடம் சிரிப்பார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச அம்மன் சுலோகம் ஒண்ணு மனசுக்குள்ள சொல்லுங்க. அது முடியிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. அப்புறமும் அவ பார்க்கலைன்னா இன்னொரு சுலோகம்."

அப்படித்தான் பழகினேன். பல மாதங்கள் கழித்து ஒரு நாள் என் பெண் பாட்டுப் படத்தைப் பார்த்தாள். நான் பாடினேன். உடனே "வேண்டாம்" படத்தைப் பார்த்தாள். என் குரல் அப்படி. அன்றைக்கு நானும் மேடமும் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் சக்கர நாற்காலியின் பக்கத்தில் ஒரு பை தொங்கும். பையில் அந்த இரண்டு தாளும் இருக்கும்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் பக்கம் அது ஆயுத பூஜைதான். சந்து முனையில் லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்துத் தெருவே சிவந்து கிடக்கும். வீட்டில் புத்தகம், அரிவாள்மனை, தையல் மிஷின் கத்தரி, வீட்டுக்காரரின் ஸ்பேனர் செட் எல்லாவற்றையும் அம்மன் முன்னால் அடுக்குவோம். மறுநாள் காலையில் பூஜை செய்து எடுக்கிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. வீட்டுக்காரர் அந்தப் பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்துத் துடைத்தார். படம் மறையாதபடி ஓரத்தில் மட்டும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார்.

"எனக்கு ஸ்டீயரிங்கு, என் பொண்ணுக்கு இது. இத்த வெக்காம வேற எத்த வெக்கிறது?" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளுக்கும் அம்மன் முன்னால் வைக்க ஒன்று இருக்கிறதே என்று சந்தோஷம்.

மத்தியானம் பூஜை முடிந்த கொஞ்ச நேரத்தில் பெண் சிணுங்க ஆரம்பித்தாள். ஊட்டினால் துப்பினாள். தூக்கினால் வீறிட்டாள். கீழே விட்டால் பூஜை அலமாரியையே பார்த்தாள். வைத்த கண் வாங்கவில்லை.

"பாருமே, சாமிய வுட்டுக் கண்ணு நகரல. பக்தியில உன்னயே மிஞ்சிட்டா" என்றார் அண்ணி.

பூஜைக்கு வந்திருந்த வீட்டுக்காரரின் தோஸ்து, "பக்தியுமில்ல ஒண்ணியுமில்ல. சுண்டல் எப்ப வரும்னு பாத்துகினு கீது" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு ஆண்கள் லாரி பூஜைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அழுகை நிற்கவில்லை. வயிறாக இருக்குமோ என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். சூடாக இருக்குமோ என்று விளக்கெண்ணெய் வைத்தேன். ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், எறும்பு கிறும்பு கடித்ததா என்று. இந்த அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அண்ணி உப்பு மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார்.

"கமறலே இல்ல பாத்தியா. புதுத்துணி போட்டுகினு வாசல்ல உக்காந்துகினு இருந்துச்சு, அம்மாம் கண்ணு பட்டுகீது."

பலகை நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அதைப் பாடம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பாடப் புத்தகம் பூஜையில் இருந்தால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், அது போல இதுவும் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். தண்டையார்பேட்டையிலிருந்து எங்கள் சந்துக்கு வாக்கப்பட்டு வந்த முஸ்லிம் அக்கா. "இன்னாத்துக்குக் கொயந்தய இப்டி அழ வுடுற? பள்ளிவாசலுக்கு இட்டுகினு போலாம் வா. தொழுதுட்டு வர்றவங்க ஊதுனா செரியாப் பூடும்" என்றார். எங்கள் பக்கம் அது எல்லா வீட்டிலும் உண்டு. அம்மனைக் கும்பிடுகிற நாங்களும் பிள்ளைக்கு முடியவில்லை என்றால் சாயந்திரத் தொழுகை விடுகிற நேரத்தில் பள்ளிவாசல் கேட்டில் போய் நிற்போம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நானும் அண்ணியும் போய் நின்றோம்.

தொழுகை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக ஓதி ஊதிவிட்டுப் போனார்கள். கடைசியாக ஒரு வயதான பாய். அவரும் ஊதினார். ஆனால் போகவில்லை. குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, "இன்னா கண்ணு, எங்க வலிக்குது?" என்றார்.

"அதுக்குப் பேச வராது பாய்" என்றார் அண்ணி.

"அது எனக்கு இன்னாம்மா தெரியும். கேட்டுட்டேன். பதில் வர்ற வரைக்கும் நிக்கணுமா இல்லியா?"

அப்படியே நின்றார். மத்தியானத்திலிருந்து அவளை யாருமே ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் எங்களுக்குள்ளேதான் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் அழுகை நின்றது. கண்ணை மெதுவாகத் திருப்பி நாற்காலியில் தொங்கிய பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் பையைப் பார்த்தாள். பை காலி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் அவள் சாமியைப் பார்க்கவில்லை. சாமி முன்னால் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சுண்டல் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அலமாரிப் பக்கம் கையை நீட்டினேன். அண்ணி குறுக்கே வந்து நின்றார்.

"மறுபூஜை ஆவாம எடுப்பியா? அம்மனுக்குப் படைச்சதுமே. குத்தமாயிடும், வெளாடாத."

"அண்ணி, அது புக்கு இல்ல. அவ வாய் அது. யாராச்சும் வாயப் பூஜையில வெப்பாங்களா?"

"ஒரு ராத்திரிதானே. காலீல எடுத்துக்கலாம்."

"ராத்திரி பூரா எங்க வலிக்குதுன்னே தெரியாம நான் இவள எப்டிப் பாத்துகினு இருப்பேன்? நீங்க பாப்பீங்களா?"

அண்ணி நகரவில்லை. நானும் பயந்தவள்தான். சாமிப் பொருளை வேளை வராமல் தொட்டதே இல்லை. ஆனால் பூஜையை எப்படி முடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் பாலில் சர்க்கரை போட்டு அம்மன் முன்னால் வைத்தேன். கற்பூரத்தை ஏற்றினேன். தாயே, மற்றதெல்லாம் காலை வரைக்கும் உன்னிடமே இருக்கட்டும், இது ஒன்றை மட்டும் கொடு என்று கேட்டேன்.

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "மணி அடிக்காம இன்னா பூஜ அது?" மணியை எடுத்து அவரே அடித்தார்.

வழக்கப்படி இரண்டு தாளையும் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வைத்து, பிறகு எடுத்தேன். காய்ந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தேன். அவள் முகத்துக்கு முன்னால் பிடித்து, "கண்ணு, என்ன பண்ணுது?" என்று கேட்டேன். மனசுக்குள் சுலோகத்தை ஆரம்பித்தேன். அது பாதி வருவதற்குள் அவள் கண் "வலிக்குது" படத்துக்குப் போய்விட்டது. பொம்மை உடம்பைப் பிடித்தேன். இந்தத் தடவை சுலோகம் முடிந்து இன்னொன்றும் முடிந்தது. தலை ஆடிக்கொண்டே இருந்தது, கண் மட்டும் மெதுவாக ஏறி ஒரு இடத்தில் நின்றது. காது. தாளை வேறு பக்கம் மாற்றிப் பிடித்துக் கேட்டேன், நானாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று. மறுபடியும் காது.

தொடப் போனேன். கை படுவதற்கு முன்பே வீறிட்டாள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். காதுக்குள் பெரிய கட்டி, நல்லவேளை இன்றைக்கே கொண்டுவந்தீர்கள் என்று ஊசி போட்டு மருந்து எழுதினார். "பேச மாட்டான்னு சொல்றீங்க, காதுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார். "அவதான் சார் சொன்னா."

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதவே வேண்டியதில்லை. அண்ணி அந்தச் சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. பூஜையில் பலகை வைத்தார்கள், அம்மன் பிள்ளையின் வாயைத் திறந்துவிட்டாள், ஊமைப் பிள்ளை "காது" என்று சொல்லிவிட்டது என்று காசிமேடு, வியாசர்பாடி வரைக்கும் போய்விட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் எங்கள் வீடு தேடி வந்தார்கள். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மா, மகனைப் பயிற்சிக்கு அழைத்துப் போவதையே நிறுத்திவிட்டிருந்தார். அவனுக்குப் பயிற்சியில் கொடுத்த படத் தாள்களை எல்லாம் பட்டுத்துணியில் சுற்றிச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாராம்.

"எப்பக்கா எடுக்கணும்? பேசுன அப்பால எடுக்கணுமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்தப் பையன் அவர் மடியில் கிடந்து அங்கும் இங்கும் கண்ணால் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். அவர் அந்தத் துணியைப் பிரித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதை நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் என்னால் உட்கார முடிவதில்லை.

அதனால் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதைச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். என் பெண் பேசவில்லை, இன்றைக்கும் பேசுவதில்லை. கண்ணால் பார்த்தாள், அதைப் பார்க்க ஒரு ஆள் நின்றார். அம்மன் கொடுத்தாள் என்று நான் நம்புகிறேன், அதையும் எடுத்துவிடாதீர்கள். அவள் கொடுத்தது நாங்கள் அலமாரியிலிருந்து எடுத்த பிறகுதான் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். அழகுக்காக ஒரு வார்த்தைகூடக் கூட்ட வேண்டாம். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.