மிஷின் ஓடாத நாளில் ஆடிய ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பனியன் கம்பெனியின் ஷட்டரை இன்சார்ஜ் அக்காதான் தூக்கிவிடுவார். தையல் மிஷின்கள் வரிசையாக நிற்கும் பவர் டேபிள்களுக்கு நடுவே ஒரு நடைபாதை உண்டு. நானும் என்னோடு ஓவர்லாக் தைத்த இரண்டு பெண்களும் அங்கேதான் ஆடிப் பழகினோம். அக்கா மூலையில் உட்கார்ந்து, தைத்த பனியன்களைச் செக்கிங் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். யாராவது பார்த்தாலே கூசிச் சுருங்கிவிடும் வயது எனக்கு. அவர் நிமிராமல் இருந்ததைவிடப் பெரிய உதவியை அன்றைக்கு யாரும் செய்திருக்க முடியாது.

லீவு போட்டுவிட்டுக் கோயமுத்தூரில் ஒரு கன்டெம்பரரி டான்ஸ் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. சினிமாப் பாட்டுக்கு ஆடியது போதும், நானே ஒரு நடனம் அமைக்க வேண்டும். பொழுதெல்லாம் குனிந்தே இருக்கும் கழுத்து, தூக்கத்திலும் துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும் கை, இவைதான் அதில் அசைவுகள். பாட்டே கிடையாது. டெய்லர்கள் மிஷினை ஓட்ட, அந்தச் சத்தத்துக்கு ஆட வேண்டும். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடிக்காட்டும்போது ஜனம் சிரித்துவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவது என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன். ஆயுத பூஜைக்கு எல்லோரும் இருப்பார்கள், அன்றைக்கே ஆடு என்றார் அக்கா. முதலாளியிடமும் அவரே பேசினார்.

இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். பிறந்ததிலிருந்து ஆயுத பூஜை பார்க்கிறோம், எங்களில் ஒருத்திக்காவது உறைத்திருக்க வேண்டாமா! அன்று காலை மிஷின்களையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டாயிற்று. பொரி கடலையை வாயில் போட்டு மெல்லும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஜை போட்ட மிஷினை மறுநாள் வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். அப்புறம் சத்தத்துக்கு எங்கே போவது? அழுகையோடு அக்காவிடம் ஓடினேன். அவரும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மிஷினை ஓட்டச் சொல்லி நான் கேக்க மாட்டேன் கண்ணு. சாமி காரியம். சத்தமில்லாம ஆட முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு" என்றார்.

முடியும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, தெரியாது.

நிசப்தத்தில் ஆடத் தொடங்கினோம். காலடிச் சத்தமும் எங்கள் மூச்சும் மட்டும்தான் கேட்டன. பின்னாலிருந்து ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது பரவியது. பாட்டுப் போடுங்கப்பா என்று குரல் வந்தது. யாரோ ஸ்பீக்கரைத் தட்டிவிட, குத்துப்பாட்டு ஒன்று அலறியது. எனக்குக் கால் நின்றுவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அக்கா எழுந்து போய் வயரைப் பிடுங்கினார். முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாட்டு எங்கயும் ஓடிப் போயிராதுங்க. இந்தப் புள்ளைக முடிக்கட்டும்."

விட்ட இடத்திலிருந்து ஆடினோம். கழுத்தை மெல்ல மெல்ல நிமிர்த்தும் இடம் வந்தபோது முன்னால் இருந்த வயசான டெய்லர் ஒருவர் தன் பிடரியைத் தேய்த்துக்கொண்டார். அவர் தேய்ப்பது அவருக்கே தெரியவில்லை. அவருக்கு அடுத்திருந்த பெண்ணும் தேய்த்தாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இன்று பல்லடம் ரோட்டில், ஒரு நூல் குடோனுக்கு மேலே எனக்கென்று ஒரு நடனக் கூடம் இருக்கிறது. சாமளாபுரத்துத் தறிக்கார வீட்டுப் பெண்ணும் வருகிறாள், ஒடிசாவிலிருந்து வந்த செக்கிங் பையனும் வருகிறான். தாங்களே அமைத்த நடனங்களை அரைகுறையாக ஆடிக்காட்டுகிறார்கள். சிலது எனக்குச் சுத்தமாகப் புரிவதில்லை. என்ன கருத்துச் சொல்லலாம் என்று வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன்.

அந்த ஆயுத பூஜையன்றைக்கு ஆடி முடித்து, வேர்வையோடு அக்கா முன்னால் போய் நின்றேன். எப்படி இருந்துச்சுங்கக்கா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமே புரியல கண்ணு" என்றார். என் முகம் செத்துப்போனதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. கீழே சிந்திக் கிடந்த பொரியைக் கூட்டிக்கொண்டே கேட்டார்.

"அடுத்தது எப்பப் பண்ற? முன்னாலயே சொல்லு, ஹாலக் காலி பண்ணி வெக்கோணும்."