வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில் நடந்தது இது. மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் நாங்கள் இருக்கிறோம். நானும் என் கணவரும்தான். பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நான் தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "டீச்சர் வேலை கிடைக்கலைன்னா நீ சிஐடி ஆயிருப்பே" என்று கணவர் கிண்டல் செய்வார்.

எங்கள் ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் நடந்தால் டொக், டொக் என்று சத்தம் கேட்கும். முதலில் ஒரே ஒரு டைல்ஸ்தான். பிறகு பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று பரவியது. மேலே பார்த்தால் ஒரு விரிசல் கிடையாது. ஓரங்களில் இருந்த வெள்ளை சிமெண்ட் மட்டும் அங்கங்கே உதிர்ந்திருந்தது. இது எனக்குப் போதாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் தட்டினேன். அடியில் கெட்டியாக இருக்கிற டைல்ஸ் 'டக்' என்றது. காலியாக இருக்கிற டைல்ஸ் 'டொக்' என்றது. 'டொக்' சொன்னதற்கெல்லாம் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டேன். மொத்தம் பதினோரு குறி. பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர், தர்பூசணி வாங்க வந்தவள் மாதிரி தட்டுகிறாயே, பழுத்திருக்கிறதா என்று கேட்டார்.

சரி, நாமே சரி பண்ணிவிடலாம் என்று கடையில் வெள்ளை சிமெண்ட் வாங்கி, தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, இடுக்கில் எல்லாம் அழுத்தினேன். இரண்டு வாரம் கம்மென்று இருந்தது. அப்புறம் அத்தனையும் பொடிப்பொடியாகத் துடைப்பத்தோடு வந்துவிட்டது. ஏன் பிடிக்கவில்லை என்று அதற்கும் ஒரு ஆராய்ச்சி செய்தேன், விடை கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் கீழ் வீட்டுப் பெண் வந்தாள். எங்களுக்கு நேர் கீழே வாடகைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத சின்ன ஜோடி. ஐந்து மாதப் பெண் குழந்தை. கணவனுக்கு ஷிப்ட் வேலை, பகலில் பெரும்பாலும் இவள் தனியாகத்தான் இருப்பாள். எங்க ஹால் சீலிங்கில் ஈரம் தெரிகிறது ஆன்ட்டி, கொஞ்சம் வந்து பாருங்களேன் என்றாள். நான் வாசலில் நிற்க வைத்தே பதில் சொன்னேன். எங்கள் ஹாலில் தண்ணிக் குழாயே கிடையாது. பாத்ரூமும் சமையலறையும் அந்தக் கோடி. மழையும் இல்லை. பிறகு எப்படி ஈரம் வரும்?

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தாள். ஈரம் பெரிதாகிறது, சனிக்கிழமை ஆனால் கூடுகிறது, நடு வாரத்தில் காய்ந்துவிடுகிறது என்றாள். சனிக்கிழமை பார்த்து வருகிற ஈரமா என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஒரு தாளை எடுத்து எங்கள் வீட்டின் படத்தை வரைந்தேன். குழாய் எங்கே, கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்டு, பாகங்களைக் குறித்து, வகுப்பில் பாடம் எடுப்பது போல அவளுக்கு விளக்கினேன். பாவம், தலையை ஆட்டிவிட்டு அந்தத் தாளையும் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மாடி இறங்கிப் போய் அந்த சீலிங்கை அண்ணாந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பதில்தான் கையில் இருந்ததே!

கடைசியில் டைல்ஸ் போடுகிற மேஸ்திரி ஒருவரை வரச் சொன்னோம். எனக்கு லீவு நாள் என்பதால் சனிக்கிழமை காலையில் வந்தார். நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர். என் சாக்பீஸ் குறிகளைப் பார்த்துவிட்டு, நமக்குப் பாதி வேலையை மிச்சம் பண்ணிட்டீங்க மேடம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உளியை வைத்துத் தட்டி மூன்று டைல்ஸை உடைக்காமல் பெயர்த்தார். அந்தக் காலத்தில் போட்டவர் நடுவில் ஒரு உருண்டை கலவையை வைத்து அப்படியே அமுக்கியிருக்கிறார், நாலு மூலையும் காலி. அதனால்தான் சத்தம். ஆகா, புரிந்துவிட்டது என்று நான் குனிந்து பார்த்தேன். அவரோ அடியில் இருந்த மணலைக் கையில் அள்ளிப் பிடித்தார். அது அப்படியே கொழுக்கட்டையாக நின்றது.

"இன்னா மேடம், சொதசொதன்னு கீது. நேத்து வூடு கழுவினீங்களா?"

ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் விடிகாலையில் வீடு கழுவுவது கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வழக்கம். மாப் போட்டுத் துடைப்பதெல்லாம் மற்ற நாளுக்குத்தான். வெள்ளிக்கிழமை என்றால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, பால்கனி ஓட்டை வழியாகத் தள்ளிவிட வேண்டும். அப்போதுதான் எனக்குப் பூஜை செய்த திருப்தி. அதோடு, எங்கள் வீட்டுத் தரை அரை மணியில் காய்ந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் வேறு பீற்றிக்கொள்வேன்.

மேஸ்திரி ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டார். இன்னும் பெயர்க்காத டைல்ஸ் மேல் மெதுவாக ஊற்றினார். மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். தேங்கிய தண்ணீர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு இடுக்கில் ஒரு குமிழி வந்தது. இன்னொன்று. யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போலத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தரை ஏன் சீக்கிரம் காய்கிறது, நான் அடைத்த சிமெண்ட் ஏன் நிற்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே விடை. கணவரைப் பார்த்து, பார்த்தீங்களா, பார்த்தீங்களா என்றேன்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "கீழ யார் வூடு மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியில் என் சந்தோஷமெல்லாம் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை நான் கழுவுகிறேன், சனிக்கிழமை அவள் வீட்டில் ஈரம். அவள் சொன்னதைக் கேட்டு மனசுக்குள் சிரித்தவள் நான். மேஸ்திரி அதற்குள் எழுந்து படியிறங்கிவிட்டார், செருப்பைக்கூட மாட்டாமல் அவர் பின்னாலேயே இறங்கினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. அவள் ஹால் நடுவில் நின்று தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேலே தட்டுகிற சத்தத்தில் பாப்பா முழித்துவிடுவாளோ என்று விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாளாம். தூளிக்கு நேர் மேலே, கொக்கியைச் சுற்றி, காபி சிந்தின மாதிரி பெரிய கறை. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். வணக்கம் சொல்லவில்லை, யார் என்றும் சொல்லவில்லை.

"பாப்பாவ மொதல்ல வெளிய எடும்மா" என்றார்.

அவர் குரலில் என்ன இருந்ததோ, அவளும் ஒரு கேள்வி கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனாள். அவர் ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டு ஏறி, சுத்தியல் காம்பால் கறையின் ஓரத்தில் மெல்லத் தட்டினார். டொக். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு தடவை நாணயத்தால் தட்டிக் கேட்ட சத்தம். இரண்டாவது தட்டு தட்டுவதற்குள் தோசைக்கல் அகலத்துக்கு, இரண்டு விரல் கனத்துக்கு சீலிங் பூச்சு பெயர்ந்து நேராகத் தூளிக்குள் விழுந்தது. தூளி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டு அந்தப் பாரத்தோடு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

குழந்தை அம்மா தோளில் கொட்டாவி விட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கத்துவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ரெண்டு தடவை வந்து சொன்னேனே ஆன்ட்டி" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சிடும்மா என்று அழுதேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, அலமாரியில் கிரைப் வாட்டர் பாட்டிலுக்கு அடியில் நான் வரைந்து கொடுத்த படம். ஈரத்தைப் பற்றிக் கணவன் கேட்டால் எடுத்து விளக்குவதற்காகப் பத்திரமாக வைத்திருந்தாளாம்.

முதலில் அவர்கள் சீலிங், அப்புறம்தான் எங்கள் தரை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். அவர் தளர்ந்த பூச்சை எல்லாம் கொத்தி எடுத்து, துருப்பிடித்த கொக்கியை அறுத்துவிட்டு, புதிதாகப் பூசிக் காயவிட்டார். அதுவரை அம்மாவும் குழந்தையும் பகல் முழுவதும் எங்கள் படுக்கையறையில்தான் இருந்தார்கள். எங்கள் ஹால் பள்ளமும் மணலுமாகப் பத்து நாள் கிடந்தது. பிறகு பதினோரு டைல்ஸையும் எடுத்து, அடியில் ஒரு இடம் விடாமல் கலவை பரப்பி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைத்தார். போகும்போது நாணயத்தை என் கையில் கொடுத்து, தட்டிப் பாருங்க மேடம் என்றார். அத்தனையும் 'டக்' என்றது.

இப்போது வெள்ளிக்கிழமையும் மாப்தான். அந்தக் குழந்தைக்கு மூன்று வயதாகிவிட்டது. மாடியேறி வந்து, அந்த டைல்ஸ் மேலேயே குதித்துக் குதித்து ஆடும். நான் படம் வரைந்த அந்தத் தாளை அவளிடம் கேட்டு வாங்கி என் பாடக் குறிப்பு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். குழாய், கழிவுநீர்ப் பாதை, அம்புக்குறி எல்லாம் அதில் சரியாகத்தான் இருக்கிறது, தூளி மட்டும் இல்லை. இப்போதெல்லாம் யாராவது எங்கள் வீட்டில் இப்படி ஆகிறது என்று வந்து நின்றால், பதில் சொல்வதற்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் கூடவே கிளம்பிவிடுகிறேன்.