கற்பூரமும் ஒரு விரல்தான்

ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை தாண்டும்போது போன் வந்தது. "நம்ம புரொஜெக்டர் பாஸ்கர் போயிட்டாரும்மா" என்றார்கள் கடையிலிருந்து. "எந்தக் கல்யாணத்துக்கு?" என்று கேட்டேன். எந்த நேரமும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்க்கொண்டே இருந்த மனிதர். மறுமுனையில் அதையே இன்னொரு தடவை சொன்னார்கள். அப்புறம்தான் உறைத்தது.

உங்களுக்கெல்லாம் அவர் மண்டபங்களில் வெள்ளைத் துணி கட்டி மணமக்கள் படம் காட்டியவர். எனக்கு, என்னை மாடியிலிருந்து கீழே இறக்கியவர். பட்டுக்கடை மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் புடவைக் கரை வரைவது என் வேலை. வாங்க வருபவர்களிடம் அதைக் காட்டுவது கீழே இருக்கும் விற்பனையாளர்கள். வந்தவர்கள் சொன்ன திருத்தம் என் காதுக்கு வருவதற்குள் மாங்காய் மயிலாகியிருக்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. யாருக்காக வரைகிறேனோ அவர்கள் முகத்தை ஒருநாளாவது பார்க்க வேண்டுமென்று புலம்புவேன்.

2008இல் ஒருநாள் மாடிக்கு வந்த பாஸ்கர் அண்ணன், நான் மவுஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். "தறியில ரெண்டு கையி, ரெண்டு காலு வேலை செய்யுது. இங்க மட்டும் இன்னாம்மா ஒத்த விரலு?" என்றார். யாரோ வீட்டிலேயே செய்த தொடுமேஜை ஒன்றை இணையத்தில் பார்த்திருக்கிறார். மேஜைக்கு அடியிலிருந்து புரொஜெக்டர் படத்தை மேல்தகட்டில் காட்டும். நாலு மூலையிலும் லேசர். கண்ணுக்குத் தெரியாத அதன் ஒளி தகட்டின்மேல் மெல்லிசாகப் பரவியிருக்கும். விரல் வைத்த இடத்தில் ஒளி சிதறும். அடியிலிருக்கும் வெப்கேம் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பத்து விரல் வைத்தாலும் பத்தையும் சொல்லும். அப்படி ஒன்றைக் கடைக்குச் செய்தால் வாங்க வருபவர்களே புடவைக் கரையைத் தொட்டு மாற்றிப் பார்க்கலாம் என்று வேலையைத் தொடங்கிவிட்டார்.

வெப்கேமுக்கு லேசர் மட்டும் தெரிய வேண்டும், படம் தெரியக் கூடாது. அதற்குக் கேமரா முன்னால் கறுத்துப்போன ஃபிலிம் துண்டு வேண்டும்; அது மற்ற வெளிச்சத்தை மறைத்து லேசரை மட்டும் விடும். தன் கல்யாண ஃபிலிமின் நுனியையே வெட்டினார். "எங்க கல்யாணத்துல உருப்படியா வந்தது இது ஒண்ணுதான்" என்று மனைவி சரளாக்காவின் எதிரிலேயே சொன்னார். அக்கா கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு துரத்தினார். ஆனால் லேசரைப் பொருத்தும்போது அதைத் தடுக்கும் கண்ணாடி போடாமல் அண்ணன் ஒருவரையும் பக்கத்தில் விடமாட்டார். "தெரியுற வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்குவ. தெரியாத வெளிச்சம்தான்மா கண்ணைத் தின்னும்" என்பார்.

முதலாளி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை பூஜை. ஓடுச்சுன்னா மேஜைகூட நீயும் கீழ வந்துடு. ஓடலன்னா மாடிதான்."

வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. கற்பூரம் காட்டாமல் நம் ஊரில் எதைத் தொடங்குவோம்? முதலாளி சின்னக் கரண்டியில் கட்டிக் கற்பூரத்தை ஏற்றி மேஜைமேல் சுற்றினார். மேஜைத் தகட்டில் தெரிந்த, நான் வரைந்த அன்னம் எழுந்து கூடவே சுற்றியது. அவர் கரண்டியை வெடுக்கென இழுக்க, அன்னமும் வெடுக்கென ஓடியது. "ஐயையோ, இன்னாபா இது, தானா ஓடிக்கினு இருக்குது!" என்று அலறினார். போச்சுடா என்று மாடிப்படியைப் பார்த்தேன்.

பாஸ்கர் அண்ணன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், விழுந்து விழுந்து சிரித்தார். "கற்பூரத்துலயும் அந்தத் தெரியாத வெளிச்சம் இருக்குதுங்க. மேஜைக்கு அதுவும் ஒரு விரலுதான்!" கரண்டியை வாங்கி, தீபத்தாலேயே அன்னத்தை நடத்திக்கொண்டுபோய்க் கரையில் உட்கார வைத்தார். பிறகு தீபத்தை அணைத்துவிட்டு முதலாளியின் மனைவியிடம், "ரெண்டு கையும் வைங்கம்மா" என்றார். அந்த அம்மா ஒரு கையால் அன்னத்தையும் மறு கையால் மயிலையும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். அந்தக் கடையில் அதை நான் முதல்முறையாகச் சொன்னது அன்றுதான். முதலாளி என் நாற்காலியைக் கீழே கொண்டுவரச் சொன்னார்.

பதினாறாம் நாள் அண்ணன் படத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். எல்லோரும் முறைத்தார்கள். சரளாக்கா மட்டும் என் கையைப் பிடித்து, "அன்னம் ஓடுதான்னு பாக்குறியாம்மா?" என்றார்.

பிற்பாடு மேஜையைப் பிரித்தபோது எடுத்து வைத்திருந்த அந்த ஃபிலிம் துண்டை நீட்டினேன். "உங்க கல்யாணத்துது, அக்கா. நீங்களே வச்சுக்குங்க."

அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உருப்படியா வந்தது இது ஒண்ணுதானே. நீயே வச்சுக்கம்மா."

வைத்திருக்கிறேன். கீழே, என் நாற்காலிக்குப் பக்கத்தில்.