சுர்ரென்ற குழாய்

எங்கள் வீட்டு முற்றத்துக் குழாயைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். ஊரில் வேறு எந்த வீட்டிலும் அப்படியொரு குழாய் கிடையாது என்பதில் எட்டு வயதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் நின்று தொட வேண்டும். செருப்புப் போட்டவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வரிசையாகக் கைகோக்க வைத்து, முதல் ஆளாக நான் குழாயைத் தொடுவேன். கடைசிப் பிள்ளை சிரிக்கும்வரை விடமாட்டேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் கட்டிய வீடு அது. எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருந்தார்கள். எங்காவது கரண்ட் ஒழுகினால் இரும்புக் குழாய் வழியே மண்ணுக்குள் போய்விடும். வீதியிலிருந்து வந்த அந்தக் குழாய் கறள் பிடித்துப் போக, அப்பா அதைத் தோண்டியெடுத்துப் புது பிளாஸ்டிக் குழாய் போட்டார். பிறகு எங்கள் பழைய பிரிட்ஜில் ஒழுகிய கரண்ட், போக வழியில்லாமல் வீட்டில் மிச்சமிருந்த இரும்புக் குழாயிலேயே நின்றது. இதெல்லாம் நான் பின்னாளில் அறிந்தவை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்தவர். வேறு எர்த் போடாமல் குழாயை மாற்றக் கூடாது என்று அவர் அப்போதே சொல்ல, நேற்றுப் பிறந்தவன் எனக்குப் படிப்பிக்கிறதோ என்று அப்பா கேட்க, கதை வளர்ந்து, இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

ஒருநாள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினி வாசலில் நின்று எங்கள் வரிசையைக் கண்டுவிட்டார். என்ன விளையாட்டு என்று கேட்டார். நான் விளக்கமாகச் சொன்னேன். உடனே மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கப்பல்துறை என்ற ஊரில் இருந்த மாமா வீட்டுக்கு பஸ் ஏறினார். வழி நெடுக என் கையை விடவேயில்லை. திரும்பி வந்து அப்பாவிடம் என்ன சொன்னாரோ, அவர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் மாமா வந்தார். அப்பாவும் கந்தோருக்கு லீவு போட்டிருந்தார். நடுவில் நான்.

“அப்பாட்டச் சொல்லு, இதில முழுக்கப் பாறை, எர்த் கம்பி இறங்காது எண்டு.”

“மாமாட்டக் கேள், அப்ப என்ன செய்யிறது எண்டு.”

இருவருக்கும் இடையில் மூன்று முழம்கூட இராது. நான் அங்குமிங்கும் ஓடினேன். குளிக்கிற தண்ணீர் ஓடும் வாழையடிதான் எப்போதும் ஈரம், எர்த்துக்கு அதுவே இடம் என்று கடைசியில் முடிவானது. குலை தள்ளிய வாழையென்றும் பாராமல் அம்மாவே வெட்டிச் சாய்த்தார். கிடங்கு தோண்டியது அப்பா. உள்ளங்கை தோலுரிந்தும் அலவாங்கை மாமாவிடம் கொடுக்கவில்லை. கம்பிக்குப் பதிலாகச் செப்புத் தகட்டை இறக்கி, ஈரம் காக்கக் கரியும் உப்பும் போட்டு மூடினார்கள்.

வயரைப் பூட்டி, பிரிட்ஜையும் திருத்திய மாமா, மெயினைப் போட்டு டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்த்தார். அதன் விளக்கு எரியவில்லை. வழக்கம்போல் முதல் ஆளாகத் தொட நான் ஓடினேன். அப்பா என்னைப் பிடித்து அம்மாவிடம் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றி, ஈரச் சீமெந்தில் ஏறி நின்றார்.

“அத்தான், புறங்கையால தொடுங்கோ,” என்றார் மாமா.

“ஓம் தம்பி.”

முதலில் புறங்கை; கரண்ட் இருந்தால் உள்ளங்கை குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடாதாம். பிறகு முழுக் கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு அப்பா நெடுநேரம் நின்றார். “நீ அப்பவே சொன்னனீ,” என்றார், மாமாவின் முகத்தைப் பாராமல்.

அதன்பின் என்னை விட்டார்கள். ஓடிப்போய்த் தொட்டேன். வெறும் இரும்பு. சுர்ரும் இல்லை, ஒன்றும் இல்லை. என்ர குழாயை மாமா பழுதாக்கிப் போட்டார் என்று நான் போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும். அம்மா ஈரச் சீமெந்திலேயே உட்கார்ந்து, என்னை மடியில் இழுத்துப்போட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியபடி என்னைவிடப் பெரிதாக அழுதார். அவருக்கும் அந்தச் சுர் போனது அவ்வளவு கவலையாக்கும் என்று நினைத்து, “அழாதேங்கோ அம்மா, மாமாட்டச் சொல்லித் திரும்பப் போடுவிப்பம்,” என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.