ஒரு மதிலில் இரண்டு வாசல்

டுசல்டோர்ஃபில் நான் வேலை செய்வது ஒரு வைன் கடையில். குடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை; போத்தல்களைத் துடைத்து அடுக்குவேன், கல்லாவில் நிற்பேன். அப்படி அடுக்கும்போதுதான் ஒரு பிரெஞ்சு வைனின் லேபிளைக் கவனித்தேன். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய வீடு, சுற்றிவர மதில். அந்த மதிலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்.

ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு? கடை முதலாளியம்மாவிடம் கேட்டேன். வரைந்தவர் அழகுக்குப் போட்டிருப்பார் என்றார். வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது, "உமக்கு வேற யோசினை இல்லையே?" என்று சிரித்தார்.

இந்த வசந்தத்தில் அந்தத் தோட்டத்துக்காரியே தன் வைனைச் சுவைக்கக் கொடுப்பதற்காக எங்கள் கடைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும்; ஜெர்மன் நன்றாகப் பேசினாள். ஆட்கள் குறைந்ததும் லேபிளைக் காட்டிக் கேட்டேன்.

"சண்டைதான்" என்றாள். அவளுடைய பூட்டன் காலத்தில் தோட்டம் இரண்டு சகோதரர்களுக்குப் பங்காகப் போனதாம். கொடி வரிசைகளைப் பிரித்தார்கள், வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். அண்ணன் போகும் வாசலால் போகமாட்டேன் என்று தம்பி மதிலை இடித்துத் தனக்கொரு வாசல் வைத்துக்கொண்டான். திராட்சை பிழியும் பொறியை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒருநாள் அவனுக்கு, மறுநாள் இவனுக்கு.

"எங்கட ஊரில பங்குக் கிணத்துக்கும் இப்பிடித்தான் முறை வைக்கிறது" என்றேன். "பிறகு?"

"யுத்தம் வந்தது. ரெண்டு பேரும் பட்டாளத்துக்குப் போயிட்டினம்."

அந்தப் பொறியைச் சுற்ற ஓராள் போதாது. மிஞ்சியிருந்த மனைவிமார் இருவரும் பழங்களை ஒன்றாகக் கொட்டிப் பிழிந்து, ஒரே பீப்பாக்களில் ஊற்றிவிட்டார்கள். ஆண்கள் உயிரோடு திரும்பியபோது எது யாருடைய வைன் என்று சொல்ல ஆளில்லை.

"கலந்ததைப் பிரிக்க ஏலாதுதானே. அதுக்குப் பிறகு ஒரே தோட்டம், ஒரே பேர்."

"சகோதரங்கள் கதைச்சவையோ?"

"தெரியாது. ஆனால் சாகுமட்டும் அவரவர் தங்கட வாசலாலதான் போய் வந்தவையாம்."

அன்று சமைத்துக்கொண்டே கணவருக்கு முழுக்கதையையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அப்ப அந்த ரெண்டு மனிசிமாரில ஆர் முதல் வாய் திறந்தது?"

அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மூத்தவனின் மனைவியாக இருக்காது என்றேன். இளையவள் ஏன் இறங்கிப்போக வேண்டும் என்றார் அவர். சோறு வெந்து, சாப்பிட உட்கார்ந்த பிறகும் நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.