நேற்றைய டிக்கெட்

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டிலும் தும்முவோம். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அந்த வீட்டுக்காரிக்கு வரிசையில் வைத்த பெயர் ஆழாக்கு. அரிசியை ஆழாக்கு அளவுத் தகரக் குவளையில் அள்ளி, மேலே குவிந்து நிற்கிற மணிகளை விரலால் வழித்துத் திரும்ப டப்பாவிலேயே விடுவாள். அந்த விரலைப் பார்த்து யாரோ வைத்த பெயர். கேலிக்கு வைத்ததுதான். அவளோ அதையே எடுத்துக்கொண்டு, "ஆழாக்கு வந்திருக்கேன்க்கா, கதவத் திறங்க" என்று சிரித்தபடி வந்து நிற்பாள்.

வீட்டில் ஐந்து பேர். அவள், புருஷன், இரண்டு பெண் பிள்ளைகள், மாமனார். புருஷனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை, அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுவார்கள். அவள் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறாள். கீறல் விட்ட முட்டையாகப் பார்த்து வாங்குவாள். முட்டைக்கோஸ்காரர் உரித்துப் போடுகிற மேல் இலைகளைக் கேட்டு வாங்கி, நரம்பை மட்டும் கிள்ளிவிட்டு வதக்குவாள். முந்தின நாள் ரொட்டியைத் தண்ணீர் தெளித்துச் சூடு காட்டினால் இன்று சுட்டதுபோல இருக்கும். இதையெல்லாம் அவளிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். மாசக் கடைசியில் டப்பாவில் ஒரு பிடி அரிசியாவது மிச்சம் இருக்க வேண்டும், அதுதான் அவள் கடவுளிடம் வைத்த ஒரே வேண்டுதல். நானும் என் ஜெபத்தில் அதைச் சேர்த்துச் சொல்லுவேன்.

மாமனார் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். நெரிசலில் எழுபது பேர் ஏறினாலும் யார் டிக்கெட் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். வாங்கினவரிடம் இரண்டாவது தடவை கேட்டதே இல்லை என்பது அவருக்குப் பெரிய பெருமை. அப்பேர்ப்பட்ட தலைக்குள் போன வருஷம் ஏதோ கலைந்துபோயிற்று. பழையதெல்லாம் பத்திரமாக இருந்தது. இப்போது சாப்பிட்டது மட்டும் நினைவில் நிற்கவில்லை. கை கழுவின ஈரம் காய்வதற்குள், "ஏம்மா, இன்னிக்கு அடுப்பு பத்தவைக்கலையா?" என்பார்.

முதலில் அவர் பங்கை நாலாகப் பிரித்து நாலு தடவை கொடுத்துப் பார்த்தாள். அவர் ஐந்தாவது தடவையும் கேட்டார். தன் தட்டிலிருந்து எடுத்து வைத்தாள். அதுவும் போதாமல் பிள்ளைகள் தட்டிலும் கை வைக்க வேண்டி வந்தது. அந்த மாதம் இருபத்து நாலாம் தேதியே அரிசி டப்பாவைத் தட்டினால் காலிச் சத்தம் கேட்டது. அதோடு போனால் பரவாயில்லை. பெரியவர் வீடு வீடாகப் போய், "நேத்திலிருந்து ஒண்ணும் குடுக்கலை" என்று சொல்ல ஆரம்பித்தார். கடைசி வீட்டுத் தையல்காரி விடுவாளா? குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி, "பெரியவர் வயித்த வழிச்சுல்ல மிச்சம் பிடிக்கிறா நம்ம ஆழாக்கு!" என்றாள்.

அன்று ஆழாக்கு சுவரோரம் நின்று அழுதாள். "நான் சாப்பிட்டு எத்தன நாளாச்சுன்னு யாரும் கேக்கலையேக்கா."

மறுநாள் அவளுக்கே ஒரு யோசனை வந்தது. பழைய காலண்டர் தாளைச் சின்னச் சின்னதாக வெட்டினாள். மாமனார் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு துண்டை நீட்டி, "மாமா, டிக்கெட்டு" என்றாள். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"கிழிக்காத டிக்கெட் செல்லாதும்மா. மூலையில கொஞ்சம் கிழிக்கணும்."

கிழித்துக் கொடுத்தாள். சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அடுத்த தடவை கேட்டபோது, "பையப் பாருங்க மாமா" என்றாள். பார்த்தார். "அட, வாங்கியாச்சு!" என்று சிரித்தபடி போய் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் அந்தத் தொல்லை நின்றது. அடுத்த சாப்பாட்டு நேரத்தில் பழைய துண்டை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டபின் புதுசு கொடுப்பாள். ராத்திரித் துண்டு, கழற்றிப் போடும் சட்டையோடு துவைக்கப் போய்விடும். காலையில் வேறு சட்டை, காலிப் பை. வரிசையில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது. அவர் யார் வாசலுக்கு வந்தாலும் "பையப் பாருங்க ஐயா" என்போம். தையல்காரிகூடச் சொன்னாள்.

மழைக்காலத்தில் கிடங்கு வேலை வாரத்துக்கு ஒரு நாளாகச் சுருங்கியது. ஆழாக்கு எதைக் குறைப்பது என்று தேடித் தேடி, சோப்பைக் குறைத்தாள். ஊர் அழுக்கையெல்லாம் துவைக்கிறவள் வீட்டில் சட்டைக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர் என்று ஆயிற்று.

அந்த வாரத்தில் ஒருநாள் அவளுக்கு இரட்டை வேலை கிடைத்தது. விடியுமுன் கிளம்பினாள். மாமனாருக்குக் காலைக்கும் மதியத்துக்குமாக இரண்டு தட்டில் சோறும் பருப்பும் வைத்து மூடிவிட்டு, புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன சற்று நேரத்தில் கிடங்கிலிருந்து ஆள் வந்தது, வண்டி நிற்கிறது, உடனே வா என்று. பல நாள் கழித்து வந்த அழைப்பு. அவள் புருஷன் ஓடிவிட்டார், தட்டு மறந்துபோயிற்று. அப்பா கொடுத்திருப்பார் என்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள்.

பத்து மணி இருக்கும். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் சுவரோரம் வந்தார்.

"ஏம்மா, இன்னிக்கு சாப்பாடு உண்டா?"

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பையப் பாருங்க ஐயா."

பைக்குள் கை விட்டார். துண்டு இருந்தது. "இருக்கு, இருக்கு. மன்னிச்சுக்கம்மா" என்று போனார்.

ஒரு மணிக்கு மறுபடி வந்தார். மறுபடியும் நான் அதையேதான் சொன்னேன். நாலு மணிக்குச் சுவர்வரை வந்தவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தானே பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நடை கொஞ்சம் தள்ளாடியது. வயசு என்று நினைத்தேன். கடவுள் எனக்குக் கண்ணைக் கொடுத்தும் அன்று நான் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு ஆழாக்கு வந்தாள். மூடியைத் திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. என்னவோ என்று எட்டிப் பார்த்தேன். இரண்டு தட்டும் அப்படியே இருந்தன. சோறு காய்ந்து பருப்பு ஏடு கட்டியிருந்தது. சுவரைச் சுற்றி ஓடினேன்.

அவள் அவசரமாகச் சுடு தண்ணீர் விட்டுச் சோற்றைப் பிசைந்து எடுத்துப் போனாள். பெரியவர் ஜன்னலோரம் தன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்க மாமா."

"ஆச்சும்மா. டிக்கெட் இருக்கே." எடுத்துக் காட்டினார்.

அவளுக்குத் தாங்கவில்லை. "மாமா, அது நேத்து டிக்கெட்டு."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! பெரியவர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிற்று.

"நேத்து டிக்கெட்டா? நேத்து டிக்கெட்ட வச்சுக்கிட்டா இன்னிக்கு உக்காந்திருக்கேன்?"

"இல்ல மாமா, நான்தான் எடுக்க மறந்துட்டேன். தப்பு என்னுது."

அவர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இப்படி ஏமாத்தினவங்கள நடுவழியில இறக்கிவிட்டிருக்கேன்மா. பிள்ளைய வச்சிருந்த ஒருத்தியக்கூட இறக்கிவிட்டேன்." கதவருகில் போய்க் கம்பியைப் பிடிப்பதுபோல நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கச் சொல்லுவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி.

நான் போய், "ஐயா, நான்தான் பாக்காம சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்று அவர் காலடியில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து, "நீங்களும் டிக்கெட் எடுக்கலையா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

அன்று பட்டினி கிடந்ததை அவர் மறுநாளே மறந்துவிட்டார். அந்த வெட்கத்தை மட்டும் மறக்கவில்லை. அது எப்படி அவருக்குள் தங்கியது என்று எனக்குத் தெரியாது. ஆழாக்கு காகிதத் துண்டுகளையெல்லாம் அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு பை காலியாக இருந்தது. காலிப் பையைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம், தனக்கு இங்கே இடமில்லை என்று பெரியவருக்குத் தோன்றியது. புதுசாக ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துப் பார்த்தாள். "இது என்னிக்கு உள்ளது?" என்று கேட்டு வாங்க மறுத்தார். யார் வாசலுக்கும் போவதில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லையா என்று கேட்பதில்லை. தட்டு வைத்தால் தள்ளி நிற்பார்.

கடைசியில் அவள் தன் தட்டையும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என்கிட்டயும் டிக்கெட் இல்ல மாமா. ரெண்டு பேருமா போவோம். யாராவது வந்தா நான் பேசிக்கறேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாக, "செக்கிங் வருதான்னு பாத்துக்கோ" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததாம். வாசலைப் பார்த்தபடியே நாலு வாய் சாப்பிட்டார். மிச்சத்தைப் பானையில் போடச் சொல்லிவிட்டார். தினமும் அதே நாலு வாய்தான்.

மாசக் கடைசி வந்தது. சின்னப் பெண் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, அரிசி மிச்சம் இருக்கு! இங்க பாரு, இவ்வளோ!"

ஆழாக்கு டப்பாவைச் சுவர்மேல் வைத்து எனக்குக் காட்டினாள். மூன்று குவளை தேறும். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதைக் கேட்டு நானும்தானே ஜெபம் செய்திருந்தேன்.

"நான் கேட்டது இப்படி இல்லக்கா" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் குவளையை அள்ளியபோது விரலால் வழிக்கவில்லை. குவித்தே போட்டாள். சோறு வெந்ததும் மாமனார் தட்டில் நிறைய வைத்து, ஒரு முட்டையை முழுசாக வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

பெரியவர் தட்டைப் பார்த்தார். "இவ்வளவும் யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான் மாமா."

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று.